வசனம் வெட்டுப்பட்ட காலண்டர்

போன மாதம் இளைய மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க, நான் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போயிருந்தேன். சிவகாசியில் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எல்லாம் அடிக்கிற கம்பெனி. முப்பத்தாறு வருடம் அங்கே பேப்பர் வெட்டி ஓய்வு பெற்றவன் நான். நான் நின்ற இடத்தில் இப்போது முத்துலட்சுமி என்ற பெண் நிற்கிறாள். பிரிண்டிங் டிப்ளமா படித்தவள். புது கட்டிங் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். திரையில் அளவைத் தட்டினால் போதும், எல்லாம் தானாக நகர்ந்து நிற்கிறது. எந்த ஆள், எந்த நேரத்தில், என்ன அளவில் வெட்டினார் என்று மிஷினே எழுதி வைத்துக்கொள்கிறதாம்.

"உங்க காலத்துல யாராவது தப்பா வெட்டிட்டா எப்படி அண்ணாச்சி கண்டுபிடிப்பீக?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரியைக் கூப்பிடுவோம்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நகைச்சுவைக்காகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நடந்ததைத்தான் சொன்னேன். அன்று அவளுக்கும் மற்றவர்களுக்கும் சொன்ன கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். எங்கள் சபைப் பத்திரிகைக்காரர்களும் மனந்திரும்புதலைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மனந்திரும்புதல் இது ஒன்றுதான்.

தொழில் கற்ற கதையைச் சொல்லி நேரத்தைக் கடத்த மாட்டேன். இருபத்திரண்டு வயதில் பைண்டிங் மேஜையில் பசை தடவச் சேர்ந்தேன். நாலு வருடம் தாள் அடுக்கினேன். ஒரு சீசனில் கட்டிங் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். ஆனால் வெட்டுகிற முறையைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். அது புரியாவிட்டால் நான் செய்த அயோக்கியத்தனம் புரியாது.

தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அட்டையில் படம், படத்துக்குக் கீழே வருடம் முழுதுக்குமான தேதிக் கட்டு. அந்தக் கட்டு தலைப்பக்கம் கம்பி தைத்து எங்களிடம் வரும்போது மற்ற மூன்று ஓரமும் பிசிறாக இருக்கும். மூன்று நான்கு கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பலகையில் தட்டித் தட்டி ஓரம் சேர்க்க வேண்டும். பிறகு மிஷினில் வைத்து, பின்பக்கம் இருக்கிற தடுப்போடு அணைத்துத் தள்ள வேண்டும். மேலிருந்து அழுத்துக்கட்டை இறங்கும். அதற்குப் பிறகுதான் கத்தி. பின்பக்கத் தடுப்பு எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. ஒரு சக்கரத்தைச் சுற்றி அதை முன்னும் பின்னும் நகர்த்துவோம். எங்கள் கணக்கு நூலில். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்.

ஆர்டர் மாறும்போது அளவு வைக்கிறவர் முதல் வெட்டை எடுத்து மாதிரியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் மேல் தாள் ஒன்றைக் கிழித்து, கையெழுத்தும் தேதியும் போட்டு, மிஷினுக்கு மேலே சுவரில் அடித்திருக்கிற ஆணியில் குத்த வேண்டும். அடுத்து மிஷினுக்கு வருகிற ஆள் ஆர்டர் முடியும் வரை சக்கரத்தைத் தொடக் கூடாது. இதுதான் எங்கள் சட்டம். முதலாளி வைத்த சட்டம்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, செருப்பில்லாத கால். காலை பத்து மணிக்கு அச்சகத்தைச் சுற்றி வருவார். மேஜைமேல் கண்ணாடிப் பாட்டிலில் சாத்தூர் காரச்சேவு எப்போதும் இருக்கும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் "ஏலே, இங்கன வாலே" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "வாங்க, உட்காருங்க, சேவு எடுத்துக்கங்க" என்றால் ஆபத்து. சேவு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த சிலர் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

எனக்கு அவரிடம் தனி மதிப்பு உண்டு. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அச்சகத்தில் நான் ஒருவன்தான் வேதக்காரன். அதிலும் சபை மூப்பர். சபைக் காரியங்களைக் கவனிக்கிற பெரியவர்களில் ஒருவன். எனக்கே என்மேல் தனி மதிப்பு இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அது நல்ல சீசன். ஐப்பசி மாதம். வெளி மாவட்டத்துச் சபை ஒன்று காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தது. தேதித் தாள் ஒவ்வொன்றின் அடியிலும் அன்றைக்கு உரிய வேத வசனம் இரண்டு வரி. அதற்கு முன்னால் ஓர் அல்வாக் கடை காலண்டரை வெட்டி முடித்திருந்தேன். அந்தக் கட்டு நாலு நூல் குட்டை.

சனிக்கிழமை. மறுநாள் எங்கள் சபையில் அசனம். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற விருந்து அது. அந்த வருடம் கறிக்கு நான் பொறுப்பு. மல்லாங்கிணறு பக்கம் ஆடு வளர்க்கிற ஒரு சம்சாரியிடம் எட்டுக் கிடாய்க்குச் சொல்லி வைத்திருந்தேன். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். என் மனம் முழுக்கக் கிடாய். அளவை மாற்றாமலே சபைக் காலண்டரைத் தூக்கி வைத்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன். மாதிரியோடு ஒட்டிப் பார்க்கவில்லை, ஆணியில் குத்தவும் இல்லை. பாதி லோடு வெட்டியதும், என்னோடு மிஷின் பார்க்கிற மாரிச்சாமியைக் கூப்பிட்டு, "அளவு வச்சாச்சு, மிச்சத்த முடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அசனம் அமர்க்களம். கறியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக அச்சகத்துக்குப் போனேன். வெட்டி அடுக்கியிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அத்தனை கட்டிலும் வசனத்தின் இரண்டாவது வரி அடியோடு காணோம். முதல் வரியில் எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம். ஊரெல்லாம் வசனம் சொல்லித் திரிகிறவன் ஆயிரக்கணக்கில் வசனத்தை வெட்டிக் குப்பையில் தள்ளியிருக்கிறேன்.

தப்பு இதுவரைக்கும் அவசரம். இதற்குமேல் செய்தது அவசரம் இல்லை. வெட்டாமல் மிஞ்சிக் கிடந்த ஒரு கட்டை எடுத்தேன். சக்கரத்தைச் சரியான அளவுக்கு வைத்து வெட்டினேன். மேல் தாளைக் கிழித்தேன். கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைத் தேதி எழுதி, ஆணியில் குத்தினேன். பிறகு சக்கரத்தைப் பழைய தப்பான இடத்துக்கே சுற்றி வைத்தேன். நிதானமாகத்தான் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க. ரெண்டு பேரும் உட்காருங்க. சேவு எடுத்துக்கங்க."

மாரிச்சாமிதான் முதலில் பேசினான். "மொதலாளி, சனிக்கிழமை ஆணியில ஒண்ணும் இல்ல. அண்ணாச்சி வச்ச அளவுதானேன்னு நம்பி வெட்டுனேன். நான் சக்கரத்தத் தொடவே இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"மாதிரி ஒண்ணு மட்டுந்தான் நான் வெட்டுனேன் மொதலாளி. நான் போறப்ப அளவு சரியாத்தான் இருந்துச்சு. மாதிரி ஆணியில இருக்கே."

அவர் எழுந்துபோய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தார். "மாரிச்சாமி, சாலமோன் வேதக்காரரு. பொய் சொல்ல மாட்டாரு. நீங்க நாளையிலருந்து மிஷின் பக்கம் வேண்டாம். லோடு ஏத்துற எடத்துல நில்லுங்க."

மாரிச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சேவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெளியே போய், மிஷின் துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, அன்றோடு கம்பெனியை விட்டே போய்விட்டான். ஆலங்குளத்தில் மாமனார் வீட்டோடு இருந்துகொண்டு சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றுகிறான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இனி என் ஆறு மாத நாடகத்தைக் கேளுங்கள். எங்கள் சபையில் முதல் ஞாயிறுதோறும் திருவிருந்து. எல்லாரும் வரிசையாகப் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்று அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டும். ஒருவனுக்குத் துரோகம் செய்துவிட்டு அங்கே போய்க் கையை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை. மூப்பர் போகாமல் உட்கார்ந்திருந்தால் சபையே திரும்பிப் பார்க்கும். ஆகவே முதல் மாதம் இருமல். இரண்டாம் மாதம் வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களை ஒழுங்குபடுத்தினேன். மூன்றாம் மாதம் ஒலிபெருக்கியில் இல்லாத கோளாறைப் பழுது பார்த்தேன். அதற்குப் பிறகு அது உண்மையிலேயே பழுதாகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து வந்தது. நாற்பது நாளும் நோன்பு இருந்தேன். கறி மீன் தொடவில்லை. ஜெபக் கூட்டங்களில் அழுதேன். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் நான் அழ அழச் சபையார் "மூப்பருக்கு எம்புட்டு நொறுங்குண்ட உள்ளம்!" என்று மெச்சினார்கள். புனித வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனையில் ஏழு பேர் பேசுவது வழக்கம். அந்த வருடம் முதல் ஆளாகப் பேச என்னைப் போட்டார்கள். தலைப்பு மன்னிப்பு. எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடித்துத்தான் இருந்தது. உள்ளே புழு அரித்துக்கொண்டிருக்க, வெளியே மாலை விழுந்துகொண்டிருந்தது.

நல்லவேளையாக எனக்கு எஸ்தர் என்று ஒரு மனைவி இருக்கிறாள்.

முதலாளி அந்தச் சபைக்கு வேறு காலண்டர் அடித்துக் கொடுத்துவிட்டார். வெட்டுப்பட்டதை எறிய மனமில்லாமல், "வசனம் இல்லாட்டி என்ன, தேதி இருக்குல்லா" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆகவே வருடப் பிறப்பிலிருந்து என் பாவம் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கியது. எஸ்தருக்குக் காலையில் வசனம் வாசித்துவிட்டுத்தான் காப்பி. அவள் எழுத்துகளின் தலையைப் பார்த்தே வசனத்தைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள். பெரும்பாலும் சரியாகவே சொல்லுவாள். எனக்குத்தான் காப்பி இறங்காது.

புனித வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை. தேதியைக் கிழித்தவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கம்பெனிக் கழிவுத் தாளில் பிள்ளைகளுக்கு நான் வருடாவருடம் வெட்டிக் கொடுத்த நோட்டுகளில் ஏழெட்டு எடுத்து வந்தாள். நோட்டையும் காலண்டரையும் தரையில் வரிசையாக வைத்தாள். தையல் அளவு நாடாவை எடுத்து வந்தாள். நான் தோசையை மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டைத் தடுப்போடு தள்ளும்போது வலது கையை அதிகம் அழுத்துவேன். ஆகவே நான் வெட்டுகிற எதிலும் அரை நூல் சாய்வு இருக்கும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. பதினைந்து வருடம் என் நோட்டுகளுக்கு அட்டை போட்டவளுக்குத் தெரியும். மாரிச்சாமிக்கு இடது கைப் பழக்கம். அவன் வெட்டினால் மறுபக்கம் சாயும்.

"மாதிரி ஒண்ணு மட்டுந்தான் நீங்க வெட்டுனது, பிறவு மாரிச்சாமிதான் அளவ மாத்தி எல்லாத்தையும் வெட்டிட்டாருன்னு சொன்னீக" என்றாள். "இது உங்க சாய்வு. அப்ப வசனத்த வெட்டுனது யாரு?"



"அதான் திருவிருந்து அன்னைக்கு மட்டும் மைக்கு கெட்டுப்போவுதாக்கும்." அவள் கத்தவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "ஜெபக் கூட்டத்துல அம்புட்டு அழுகை அழுதீகளே. அழ வேண்டிய எடத்துல போயி அழுங்க."

மறுநாள் முதலாளி அறைக்கு நானாகப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஆணியில் குத்தியது உட்பட. அவர் சேவுப் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"நோன்பு, மொதலாளி."

"ஆறு மாசமா நோன்பு இருக்கீகளோ?" என்றார்.  "என் மேலயும் தப்பு இருக்கு. ஒழுங்கா விசாரிச்சிருக்கணும். உங்க சாமிய நம்பி நான் சோம்பேறியாயிட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க போயி மாரிச்சாமியக் கூட்டிட்டு வாங்க. வந்தா ரெண்டு பேரும் மிஷின்ல நில்லுங்க. அவரு வரலன்னா நீங்களும் வர வேண்டாம்."

இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். என் வேலை, பெயர், மூப்பர் பட்டம் எல்லாம் இப்போது ஆலங்குளத்தில் கல் ஏற்றுகிறவன் கையில். நியாயம்தான் என்று புரிந்தது. புரிந்தும் பயமாக இருந்தது.

மறுநாள் புனித வெள்ளி. ஆராதனைக்கு வர முடியாது என்று ஐயரிடம் சொல்லச் சொல்லி எஸ்தரை அனுப்பினேன். எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். என்ன காரணம் சொல்ல என்று எஸ்தர் கேட்டாள். ஒரு வேலை என்று சொல் என்றேன். முதல் பஸ்ஸில் ஆலங்குளம் போய் இறங்கினேன்.

வீட்டில் மாரிச்சாமியின் மனைவி மட்டும் இருந்தாள். "அவுக பங்குனிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போயிருக்காக. நீங்க யாரு?"

"கூட வேலை பாத்தவன். சாலமோன்."

கொடுக்க வந்த தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள். "ஓ. உங்களைப் பத்தி அவுக நெதமும் சொல்லுவாக" என்றாள். என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சிவகாசி வந்து, சாத்தூர் வந்து, இருக்கன்குடி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பங்குனிக் கடைசி வெள்ளியில் மாரியம்மன் கோயிலில் எத்தனை கூட்டம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, வேப்பிலை, மொட்டைத் தலை, மேளம். புனித வெள்ளிக்கென்று வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்த நான் ஒருத்தன் ஒவ்வொரு மொட்டையாகப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் அவன்தான் என்னைக் கண்டுபிடித்தான்.

"என்ன அண்ணாச்சி, மதம் மாறிட்டீகளா?"

மொட்டை அடித்து, சந்தனம் பூசி, கறுத்து மெலிந்திருந்தான். பக்கத்தில் உறுமி முழங்கிக்கொண்டிருந்தது.

"மாரிச்சாமி, வசனத்த வெட்டுனது நான்தான்."

"என்னது? கேக்கல."

"அளவ மாத்தாம வெட்டுனது நான்தான்!"

"சத்தமாச் சொல்லுங்க!"

"நான்தான் வெட்டுனேன்! திங்கக்கிழமை பொய்யா மாதிரி குத்துனேன்! பழிய உன் மேல போட்டேன்!" அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சுற்றி நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையே அவனுக்குக் கேட்டுவிட்டது என்று ரொம்ப நாள் கழித்து ஒப்புக்கொண்டான்.

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு அரித்த வெடிப்பு. "தாளு வெட்டத் தெரியாமலா தொரத்திவிட்டாகன்னு எங்க மாமா நெதம் கேக்காரு அண்ணாச்சி. சோத்துல கைய வைக்கிறப்பதான் கேப்பாரு." அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது. இந்த அழுகைக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஒருவர் நகருங்க என்று என்னை இடித்துக்கொண்டு போனார்.

முதலாளி சொன்னதைச் சொன்னேன். "நீ வந்தாத்தான் எனக்கு வேலைங்கறதும் நெசந்தான். ஆனா அதுக்காக மட்டும் வரல."

அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு, "இப்ப வேற ஒரு சிக்கல் இருக்கு" என்றான்.

"என்ன?"

"உங்க வலது கைய எடுத்துக்கன்னு ஆத்தாகிட்ட கேட்டு வச்சிருக்கேன். தைக் கடைசி வெள்ளியில கேட்டேன். இப்பத்தான் உள்ள போயி மறுபடியும் ஞாபகப்படுத்திட்டு வாறேன்."

என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"பொறுத்தது போதும்னு ஆத்தா இன்னைக்கே முடிச்சிட்டான்னா? போயி வேண்டாம்னு சொல்லணும். திரும்ப வரிசையில நிக்கணும். நீங்களும் வாங்க."

"நானா? நான் எப்படிப்பா..."

"கும்பிட வேண்டாம். கூட நின்னாப் போதும். செஞ்சது நீங்க, வெயில்ல நான் மட்டும் நிக்கணுமாக்கும்?"

நின்றேன். சரியாக அதே நேரத்தில் எங்கள் வேதக்கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை நடந்துகொண்டிருக்கும். மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டிய மூப்பர் மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்கிறான். இரண்டு பேரும் விரதம், இரண்டு பேர் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்தோம். மாரிச்சாமிக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது போலும். முன்னால் நின்றவர்கள், பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் என்னைக் காட்டி, "இவருதான் அந்த வேதக்காரரு" என்று முழுக் கதையையும் சொன்னான். வரிசை நகர நகரப் புது ஆட்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். கோவில்பட்டிக்காரப் பெண்மணி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம்யா, கைய விட்டுரு. ஒரு வெரலு போதும்" என்றார். மாரிச்சாமி அதை யோசித்துப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான்.

அப்போது ரோட்டில் ஊர்ந்து வந்த ஸ்பெஷல் பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தோத்திரம், மூப்பரே!" என்று கூப்பிட்டார். எங்கள் சபைச் செயலாளரின் மைத்துனர். நானும் கையைத் தூக்கி "தோத்திரம்" என்றேன். வேறு என்ன செய்ய?

சன்னிதிக்கு முன்னால் கடைசிக் கம்பித் தடுப்போடு நான் நின்றுகொண்டேன். அவன் உள்ளே போனான். நான் கண்ணை மூடாமல், கை குவிக்காமல், என் ஆண்டவரோடு பேசினேன். நாற்பது நாளில் பேசாததை அந்த ஐந்து நிமிடத்தில் பேசினேன். அழகான வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அயோக்கியன், மன்னிச்சிரும். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மனசு லேசாயிற்று என்று உடனே சொன்னால் அது பொய். வெட்கம் தாங்க முடியவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒளிவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் நின்றேன்.

அவன் நெற்றியில் திருநீறோடு வெளியே வந்தான். "வாபஸ் வாங்கியாச்சு. கைய வெளிய எடுங்க." பிறகு நடந்துகொண்டே கேட்டான். "ஆமா, உங்க சாமிகிட்ட இத்தன நாளா என்ன கேட்டுக்கிட்டு இருந்தீக?"

"மன்னிக்கச் சொல்லித்தான்."

"என்ன சொன்னாரு?"

"உன்கிட்டப் போகச் சொல்லிட்டாரு."

அவன் நின்றுவிட்டான். "ஆக ரெண்டு பேருமாச் சேந்து என் தலையில கெட்டியிருக்காக!" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தான். மொட்டைத் தலையில் சந்தனம் உதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். "நாளைக்கு வாறேன்" என்றான். "ஆனா அறைக்குள்ள வச்சுப் பேசுறதெல்லாம் வேண்டாம். எல்லாரும் நிக்கையில சொல்லணும்."

சனிக்கிழமை காலை மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரையும் கூட்டினார் முதலாளி. பைண்டிங் மேஜைப் பெண்கள் முதல் லோடு ஏற்றுகிறவர்கள் வரை நின்றார்கள். ஆணியைக் காட்டிச் சொன்னேன்.  பிறகு முதலாளி, "மாரிச்சாமி, உன் பேச்ச நம்பாம விட்டது என் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். "ஏலே, ரெண்டு பேரும் மிஷினுக்குப் போங்கலே." அதற்கு மேல் பதினாலு வருடம் நாங்கள் ஒன்றாக வெட்டினோம். எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாரிச்சாமி என்னோடு சேர்ந்து டீ குடிக்க ஆடி மாதம் வரை ஆயிற்று.

அன்று சாயங்காலமே சபைக் கமிட்டியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பஸ் டிரைவர் தன் கடமையைச் செய்திருந்தார். செயலாளர் எழுந்து, புனித வெள்ளி ஆராதனையில் பேச வேண்டியவர் அதே நேரத்தில் மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அச்சகத்தோடு போகட்டும் என்று நான் நினைத்திருந்த விஷயத்தைக் கமிட்டி முன்னாலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இருமல், வண்டி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிபெருக்கியைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கலாம் என்றார். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. மூப்பர் பட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐயர் எழுந்து வந்தார். கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நரைத்த தாடிக்காரர், அதிகம் பேசாதவர்.

"அங்கன வரிசையில எம்புட்டு நேரம் நின்னீக?" என்று கேட்டார்.

"ரெண்டரை மணி நேரம் இருக்கும் ஐயா."

"நாளைக்கு ஈஸ்டர். திருவிருந்து இருக்கு" என்றார். "நம்ம வரிசை அம்புட்டு நீளம் கிடையாது. வந்துருங்க."

போனேன். என் முறை வருவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.